ஜென்கின்ஸில் பில்ட் ஏஜென்ட்களைச் சேர்ப்பது எப்படி

ஜென்கின்ஸ் என்பது நிரல்களைத் தானாகக் கம்பைல் செய்து சோதிக்கும் சர்வர்; அப்படி ஒருமுறை ஓட்டுவதுதான் பில்ட். ஜென்கின்ஸை நிறுவியதும், தான் ஓடும் அதே மெஷினில்தான் அது பில்ட்களையும் ஓட்டும். அதற்காக இரண்டு எக்ஸிக்யூட்டர்களை (ஒரு நேரத்தில் ஒரு பில்டை ஓட்டும் இடங்கள்) தானாகவே திறந்து வைத்திருக்கும். சின்னத் திட்டத்துக்கு இது போதும். ஜாப்கள் (ஜென்கின்ஸ் ஓட்ட வேண்டிய வேலைகள்) வரிசையில் காத்துக் கிடக்க ஆரம்பித்ததும் பலருக்கும் தோன்றுவது, அந்த ஒரே மெஷினைப் பெரிதாக்கிவிடலாம் என்பதுதான். அதற்குப் பதிலாக வேலை செய்வதற்கென்று தனி மெஷின்களைச் சேருங்கள். வேகத்துக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. சர்வரிலேயே ஓடும் பில்டுக்கு ஜென்கின்ஸ் ப்ராசஸுக்கு இருக்கும் அத்தனை உரிமையும் கிடைத்துவிடும். ஜென்கின்ஸ் ஹோம் அடைவில் இருக்கும் கிரெடென்ஷியல்கள் (கடவுச்சொற்கள், சாவிகள்), அவற்றின் பூட்டைத் திறக்கும் சாவி எல்லாவற்றையும் ஒரு ஜாபில் எழுதிய ஒற்றை ஷெல் வரி படித்துவிட முடியும்.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். பழைய கட்டுரைகளில் ‘மாஸ்டர்’, ‘ஸ்லேவ்’ என்று இருக்கும். மாஸ்டர் என்பது ஜென்கின்ஸ் சர்வர், ஸ்லேவ் என்பது அதற்காக வேலை செய்யும் மெஷின். 2016இல் ஸ்லேவ் என்பது ஏஜென்ட் ஆனது. 2020இல் மாஸ்டர் என்பது கன்ட்ரோலர் ஆனது. நோடு என்பது இரண்டுக்கும் பொதுப்பெயர். பழைய குறிப்புகளைப் பார்த்துச் செய்கிறவர்கள் இந்த மாற்றத்தை மனதில் வைத்துக்கொண்டால் மெனுக்களில் தடுமாற மாட்டார்கள்.

எது எங்கே ஓடுகிறது

ஏஜென்ட் மெஷினில் ஓடுவது ஒரு சின்ன ஜாவா நிரல். கன்ட்ரோலருடன் ஒரே ஒரு இணைப்பை வைத்துக்கொண்டு, ‘இந்தக் கட்டளையை ஓட்டு’, ‘இந்தக் கோப்பைக் கொடு’ என்று வருகிற வேண்டுகோள்களை நிறைவேற்றும். பைப்லைனில் (பில்டின் படிகளை வரிசையாகச் சொல்லும் ஸ்கிரிப்ட்) நீங்கள் க்ரூவி மொழியில் எழுதும் கோடு ஏஜென்டில் ஓடாது. அது கன்ட்ரோலரில்தான் ஓடும். ஷெல், பேட்ச், கிட் போன்ற படிகள் மட்டுமே ஏஜென்டுக்குப் போகும். பத்து ஏஜென்ட் சேர்த்த பிறகும் கன்ட்ரோலர் திணறுகிறது என்றால், பைப்லைனுக்குள் யாராவது பெரிய ஜேசன் கோப்பை க்ரூவியில் அலசிக்கொண்டிருக்கிறார்களா என்று பாருங்கள். அந்த வேலையை ஏஜென்டில் ஓடும் ஒரு ஸ்கிரிப்டுக்கு மாற்றினால் கன்ட்ரோலருக்கு மூச்சு வரும்.

பில்ட் லாக், ஆர்க்கைவ் செய்யும் கோப்புகள், ஸ்டாஷ் செய்யும் (அதே பில்டின் பிந்தைய படிக்காக ஒதுக்கி வைக்கும்) கோப்புகள் எல்லாம் அந்த ஒரே இணைப்பு வழியாகத்தான் கன்ட்ரோலருக்குப் போகின்றன. ஸ்டாஷைச் சில பத்து எம்பி வரை வைத்துக்கொள்ளலாம். ஜிபி கணக்கில் கோப்புகளை ஒரு ஏஜென்டிலிருந்து இன்னொன்றுக்கு நகர்த்த வேண்டுமென்றால் தனி ஆர்ட்டிஃபேக்ட் சர்வரோ ஆப்ஜெக்ட் ஸ்டோரேஜோ பயன்படுத்துங்கள்.

மெஷினின் அளவு

ஏஜென்ட் நிரலுக்கு அதிக நினைவகம் வேண்டாம். 512 எம்பி ஹீப் (ஜாவா நிரல் தன் தரவை வைக்கும் நினைவகம்) பெரும்பாலும் தாராளம். ஜாவா, தானாக விட்டால், மெஷினின் நினைவகத்தில் கால் பங்குவரை ஹீப்புக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று வைத்துக்கொள்ளும். 16 ஜிபி மெஷினில் அது 4 ஜிபி. அதனால் உச்ச ஹீப் அளவை நீங்களே கட்டிப்போடுங்கள். உண்மையான தேவை பில்டைப் பொறுத்தது. கம்பைலர், டெஸ்ட், கன்டெய்னர் எல்லாம் சேர்ந்து ஒரு பில்ட் உச்சத்தில் எவ்வளவு எடுக்கிறது என்று ஒருமுறை அளந்துவிட்டு, அதை எக்ஸிக்யூட்டர் எண்ணிக்கையால் பெருக்குங்கள்.

எக்ஸிக்யூட்டர் எண்ணிக்கை என்றால் ஒரே நேரத்தில் அந்த மெஷினில் எத்தனை பில்ட் ஓடலாம் என்பது. கோர் எண்ணிக்கையைத் தாண்டாதீர்கள் என்று பொதுவாகச் சொல்வார்கள். எங்கள் பரிந்துரை இன்னும் கடுமையானது: முடிந்தவரை ஒரு ஏஜென்டுக்கு ஒரு எக்ஸிக்யூட்டர். 16 கோர் மெஷின் ஒன்றில் நான்கு எக்ஸிக்யூட்டர் வைப்பதைவிட 4 கோர் மெய்நிகர் மெஷின்கள் நான்கு வைப்பது நிம்மதி. காரணம் வேகம் இல்லை. ஒரே மெஷினில் இரண்டு பில்ட் ஓடினால் இரண்டும் 8080 போர்ட்டைக் கேட்கும். இரண்டும் ஒரே மேவன் லோக்கல் ரெப்போசிட்டரியில் எழுதும், அது ஒரே நேரத்தில் இருவர் எழுதுவதற்காக வடிவமைக்கப்பட்டதல்ல. ஒரே டேட்டாபேஸ் பெயரை இரண்டும் அழித்து உருவாக்கும். இந்த மாதிரித் தோல்விகள் பத்துக்கு ஒருமுறை வரும், மறுபடி ஓட்டினால் மறைந்துவிடும். அவற்றைத் துரத்துவதில் போகும் நேரம் மெஷின் செலவைவிட அதிகம்.

டிஸ்க்கைக் குறைத்து மதிப்பிடுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. மல்டிபிராஞ்ச் ஜாபில் ஒவ்வொரு பிராஞ்சுக்கும் தனி வொர்க்ஸ்பேஸ் (கோடை இறக்கி வேலை செய்யும் அடைவு) உருவாகும். ஒரு வொர்க்ஸ்பேஸ் 2 ஜிபி, பிராஞ்ச்கள் 30 என்றால் அந்த ஒரு ஜாப் மட்டுமே 60 ஜிபி தின்றுவிடும். டாக்கர் இமேஜ்கள் தனிக் கணக்கு.

லினக்ஸ் மெஷினைத் தயார்செய்தல்

ஜென்கின்ஸ் என்ற பெயரில் சாதாரணப் பயனர் கணக்கு ஒன்றை உருவாக்குங்கள். சூடோ உரிமை வேண்டாம். அதன் ஹோம் அடைவு பெரிய டிஸ்க்கில் இருக்கட்டும். ரூட் பார்ட்டிஷனில் வைத்தால் ஒரு நாள் வொர்க்ஸ்பேஸ் நிரம்பி மெஷினே படுத்துவிடும். அந்த டிஸ்க்கை, நிரல்களை ஓட விடாத நோஎக்ஸெக் தேர்வுடன் மவுண்ட் செய்திருக்கக் கூடாது. அப்படி இருந்தால் வொர்க்ஸ்பேஸில் இருக்கும் கிரேடில் ரேப்பர் போன்ற ஸ்கிரிப்ட்கள் அனுமதி மறுப்புப் பிழையோடு நின்றுவிடும். கோப்பு உரிமைகளைப் பார்த்தாலோ எல்லாம் சரியாகவே தெரியும்.

அடுத்தது ஜாவா. ஜென்கின்ஸ் எல்டிஎஸ் (நீண்டகால ஆதரவுப் பதிப்பு) 2.361.1 முதல் குறைந்தது ஜாவா 11 தேவைப்பட்டது, 2.479.1 முதல் குறைந்தது ஜாவா 17. கன்ட்ரோலரில் எந்த முதன்மைப் பதிப்பு இருக்கிறதோ அதையே ஏஜென்டிலும் வைத்துவிடுவது நல்லது. பதிப்பு குறைவாக இருந்தால் ஏஜென்ட் லாகில் ‘கிளாஸ் கோப்புப் பதிப்பை ஆதரிக்கவில்லை’ என்ற பிழையும் இரண்டு எண்களும் வரும். 55 என்றால் ஜாவா 11, 61 என்றால் 17, 65 என்றால் 21. இந்த மூன்று எண்களை நினைவில் வைத்திருந்தால் தேடிக்கொண்டு போக வேண்டியதில்லை. ஹெட்லெஸ் ரன்டைம் பொதியே ஏஜென்டுக்குப் போதும்.

ஏஜென்டை ஓட்டும் ஜாவா வேறு, உங்கள் திட்டத்தைக் கம்பைல் செய்யும் ஜாவா வேறு. திட்டத்துக்கு ஜாவா 8 வேண்டும் என்பதற்காக மெஷினின் பொது ஜாவாவையே 8 ஆக மாற்றினால் ஏஜென்ட் அடுத்த முறை எழுந்திருக்காது. ஜேடிகே 8ஐத் தனி அடைவில் வைத்து, பைப்லைனின் டூல்ஸ் பகுதியிலோ ஜாவா ஹோம் சூழல் மாறியிலோ அதைச் சுட்டுங்கள்.

பிறகு கிட்டும், நேரத்தைச் சரியாக வைத்திருக்கும் க்ரோனி போன்ற சேவையும் வேண்டும். மற்ற பில்ட் கருவிகளைக் கையால் நிறுவாதீர்கள். ஒவ்வொரு நிறுவலையும் ஒரு ஷெல் ஸ்கிரிப்டிலோ ஆன்சிபிள் பிளேபுக்கிலோ எழுதி, அதை ஓட்டி நிறுவுங்கள். முதல் ஏஜென்டுக்கு இது வெட்டி வேலையாகத் தெரியலாம். இரண்டாவது ஏஜென்டில் மட்டும் பில்ட் தோற்கும்போது, இரண்டு மெஷினுக்கும் என்ன வித்தியாசம் என்று தேட வேண்டிய நிலை இதனால்தான் வராமல் போகும்.

எஸ்எஸ்எச் வழியாக இணைத்தல்

கன்ட்ரோலரால் ஏஜென்ட் மெஷினின் 22ஆம் போர்ட்டை எட்ட முடிந்தால் இதுதான் நல்ல வழி. ‘எஸ்எஸ்எச் பில்ட் ஏஜென்ட்ஸ்’ பிளகின் தேவை.

1. ஈடி25519 வகை சாவி ஜோடி ஒன்றை உருவாக்குங்கள். பொதுச்சாவியை ஏஜென்டில் ஜென்கின்ஸ் பயனரின் ஆத்தரைஸ்டு கீஸ் கோப்பில் சேருங்கள். எஸ்எஸ்எச் அடைவின் உரிமை 700, அந்தக் கோப்பின் உரிமை 600. ஹோம் அடைவில் குழுவினர் எழுதலாம் என்று இருந்தாலும் எஸ்எஸ்எச் சர்வர் சாவியை ஏற்காது. ஏன் என்று கன்ட்ரோலரிடம் சொல்லவும் சொல்லாது. காரணம் ஏஜென்ட் மெஷினின் ஆத் லாகில் மட்டும் இருக்கும்.

2. தனிச்சாவியை ஜென்கின்ஸ் கிரெடென்ஷியலாகச் சேருங்கள். வகை: எஸ்எஸ்எச் பயனர்பெயரும் தனிச்சாவியும். ஸ்கோப் என்ற இடத்தில் ‘குளோபல்’ விடாமல் ‘சிஸ்டம்’ தேர்ந்தெடுங்கள். குளோபல் என்றால் எந்தப் பைப்லைனும் அந்தச் சாவியை எடுத்துப் பயன்படுத்தலாம். சிஸ்டம் என்றால் ஜென்கின்ஸ் தன் சொந்த வேலைக்கு மட்டும் பயன்படுத்தும்.

3. மேனேஜ் ஜென்கின்ஸ், நோட்ஸ், நியூ நோடு என்று போய் ஒரு பெயர் கொடுத்து ‘பெர்மனென்ட் ஏஜென்ட்’ தேர்ந்தெடுங்கள். பெயரில் இடைவெளியும் வித்தியாசமான குறிகளும் வேண்டாம்.

4. எக்ஸிக்யூட்டர் 1. ரிமோட் ரூட் டைரக்டரியில் ஜென்கின்ஸ் பயனரின் ஹோமுக்குள் ஒரு அடைவின் முழுப் பாதை. அந்தப் பாதையில் இடைவெளி வரக் கூடாது; பல பில்ட் கருவிகள் அதில் தடுக்கி விழும்.

5. லாஞ்ச் முறையில் எஸ்எஸ்எச் தேர்ந்தெடுத்து, மெஷின் முகவரியும் கிரெடென்ஷியலும் கொடுங்கள்.

6. ஹோஸ்ட் கீ சரிபார்ப்பில் ‘சரிபார்க்காதே’ என்ற தேர்வு எல்லாவற்றையும் உடனே ஓட வைத்துவிடும் என்பதால்தான் அதில் விழுகிறார்கள். அதைத் தொடாதீர்கள். ஏஜென்டின் ஹோஸ்ட் கீயைக் கையால் ஒட்டும் தேர்வையோ, நோன் ஹோஸ்ட்ஸ் கோப்பைப் பார்க்கும் தேர்வையோ எடுங்கள். நோன் ஹோஸ்ட்ஸ் என்றால் கன்ட்ரோலரில் ஜென்கின்ஸ் எந்தப் பயனராக ஓடுகிறதோ அந்தப் பயனரின் கோப்பு. நீங்கள் லாகின் செய்யும் கணக்கின் கோப்பு அல்ல.

7. அட்வான்ஸ்டு பகுதியில் ஜாவாவின் முழுப் பாதையைக் கொடுத்து, ஜேவிஎம் தேர்வுகளில் உச்ச ஹீப்பை 512 எம்பி என்று குறியுங்கள்.

சேமித்ததும் நோடின் லாக் பக்கத்தைத் திறந்து வையுங்கள். ஏஜென்ட் ஜார் கோப்பை ஜென்கின்ஸே அந்த மெஷினுக்கு அனுப்பி ஓட்டும். இணையும்போது அங்கே இருக்கும் ஜார் பழையதாக இருந்தால் புதிய பிரதி போகும் என்பதால், கன்ட்ரோலரை அப்கிரேட் செய்தாலும் இந்த முறையில் ஏஜென்ட் பக்கம் எதையும் மாற்ற வேண்டாம். ஜாவா பதிப்பு மட்டும் விதிவிலக்கு.

ஏஜென்டே கன்ட்ரோலரைக் கூப்பிடும் முறை

ஏஜென்ட் ஒரு நேட்டுக்கு (உள் முகவரிகளை வெளியே காட்டாத ரவுட்டர் ஏற்பாடு) பின்னால் இருக்கிறது, உள்ளே வரும் இணைப்புகளை ஃபயர்வால் விடாது, அல்லது அது விண்டோஸ் மெஷின். அப்போது இன்பவுண்ட் முறை. நோடை உருவாக்கும்போது லாஞ்ச் முறையில் ‘ஏஜென்டைக் கன்ட்ரோலருடன் இணைத்து இயக்கு’ என்ற பொருளில் வரும் தேர்வை எடுங்கள். சேமித்த பிறகு நோடின் பக்கத்தில் ஓட்ட வேண்டிய கட்டளை, ரகசியக் குறியோடு தயாராக இருக்கும்.

இதில் இரண்டு வகை உண்டு. பழையது தனி டிசிபி போர்ட் வழி. செக்யூரிட்டி பக்கத்தில் அந்தப் போர்ட்டை நிலையான எண்ணாக வைக்க வேண்டும். வழக்கமான எண் 50000. ‘ரேண்டம்’ என்று விட்டால் ஃபயர்வாலில் எதைத் திறப்பது? புதியது வெப்சாக்கெட். 2020இல் 2.217 பதிப்பில் வந்தது. இணையப் பக்கம் வரும் அதே எச்டிடிபிஎஸ் போர்ட்டிலேயே ஏஜென்டும் பேசும், தனிப் போர்ட் வேண்டாம். புதிதாக அமைக்கிறவர்கள் வெப்சாக்கெட்டையே எடுங்கள். முன்னால் என்ஜின்எக்ஸ் போன்ற ரிவர்ஸ் பிராக்ஸி (கோரிக்கைகளை வாங்கி ஜென்கின்ஸுக்குக் கடத்தும் சர்வர்) இருந்தால் அது அப்கிரேட், கனெக்‌ஷன் என்ற இரண்டு ஹெடர்களையும் கடத்த வேண்டும். இல்லையென்றால் இணையப் பக்கம் அழகாகத் திறக்கும், ஏஜென்ட் மட்டும் இணையாது. ஜென்கின்ஸ் யுஆர்எல் என்ற அமைப்பும் ஏஜென்டிலிருந்து எட்டக்கூடிய முகவரியாக இருக்க வேண்டும். அங்கே லோக்கல்ஹோஸ்ட் என்று இருந்தால் ஏஜென்ட் தன்னையே கூப்பிட்டுக்கொண்டிருக்கும்.

காட்டப்படும் கட்டளையை டெர்மினலில் ஒட்டி ஓட்டிப் பார்ப்பது சோதனைக்கு மட்டும். நிரந்தரத்துக்கு அதை ஒரு சிஸ்டம்டி (லினக்ஸின் சேவை மேலாளர்) சேவையாக எழுதுங்கள்: ஜென்கின்ஸ் பயனராக ஓட வேண்டும், நெட்வொர்க் வந்த பிறகு தொடங்க வேண்டும், எந்தக் காரணத்தால் நின்றாலும் 10 வினாடி விட்டு மறுபடி எழ வேண்டும். ரகசியக் குறியைக் கட்டளை வரியில் நேராக எழுதினால் அந்த மெஷினில் இருக்கும் எவரும் ப்ராசஸ் பட்டியலில் அதைப் பார்க்கலாம். உரிமை 600 உள்ள ஒரு கோப்பில் வைத்து, கோப்புப் பெயருக்கு முன்னால் @ குறி போட்டுக் கொடுங்கள்.

இந்த முறையில் ஜார் கோப்பு தானாகப் புதுப்பிக்கப்படாது. சேவை தொடங்கும் ஒவ்வொரு முறையும் கன்ட்ரோலரிலிருந்து ஜாரை இறக்கிவிட்டு ஓட்டும்படி ஒரு சின்னத் தொடக்க ஸ்கிரிப்ட் வைத்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

மெஷின் இமேஜை நகலெடுத்துப் புதிய ஏஜென்ட் உருவாக்குகிறவர்கள் கவனிக்க: நகலில் பழைய நோடின் பெயரும் ரகசியக் குறியும் அப்படியே இருக்கும். இரண்டு மெஷினும் ஒரே பெயரில் வந்து நிற்க, இரண்டாவதாக வந்ததை ‘ஏற்கெனவே இணைந்துள்ளது’ என்று ஜென்கின்ஸ் திருப்பி அனுப்பும். முதல் மெஷின் ஒரு நொடி விலகினால் இரண்டாவது அந்த இடத்தில் புகுந்துகொள்ளும். வேலை நடந்துகொண்டே இருப்பதால் இது வாரக்கணக்கில் கண்ணில் படாமல் போகலாம். நகலெடுக்கும் முன் அந்தக் கோப்புகளை அழித்துவிடுங்கள்.

லேபிள்

ஒரு ஜாப் எந்த ஏஜென்டில் ஓடலாம் என்று தேர்வதற்காக நோடில் ஒட்டும் சொல்தான் லேபிள். அதில் மெஷினின் பெயரை எழுதாதீர்கள், அது என்ன செய்யும் என்பதை எழுதுங்கள்: லினக்ஸ், டாக்கர், ஜேடிகே17 என்று இடைவெளி விட்டு. ஜாபில் இவற்றில் இரண்டை ‘மற்றும்’ குறியால் (&&) இணைத்துக் கேட்கலாம். ஜிபியு, கையொப்பச் சாவி போன்ற அரிய வசதி உள்ள மெஷினில் ‘லேபிள் பொருந்தும் ஜாப்களுக்கு மட்டும்’ என்ற பயன்பாட்டு விதியை வையுங்கள். இல்லையென்றால் எந்த லேபிளும் கேட்காத ஜாப்கள் அதில் உட்கார்ந்துகொள்ளும். ஜாபில் லேபிளைத் தவறாக எழுதினால் பில்ட் தோற்காது. வரிசையில் காத்துக்கொண்டே இருக்கும்.

புது ஏஜென்டைச் சேர்த்தும் அது சும்மா கிடக்கிறது என்ற சந்தேகம் எல்லோருக்கும் வரும். அதுவும் கோளாறு இல்லை. ஒரு ஜாப் முன்பு எந்த நோடில் ஓடியதோ அதிலேயே மறுபடியும் ஓட்ட ஜென்கின்ஸ் முயலும், வொர்க்ஸ்பேஸை மறுபடி உருவாக்காமல் இருக்க. பழைய நோடு முழுக்க நிரம்பினால் புதியதற்கு வேலை போகும்.

ஏஜென்ட் ஒழுங்காக ஓடுகிறது என்று உறுதியானதும் கன்ட்ரோலரின் சொந்த எக்ஸிக்யூட்டர் எண்ணிக்கையை 0 ஆக்குங்கள். அதற்கு முன், ‘மாஸ்டர்’ என்ற லேபிளை நேரடியாகக் கேட்கும் பழைய ஜாப்களைத் தேடித் திருத்திவிடுங்கள். அவைதான் மறுநாள் காலை வரிசையில் தேங்கி நிற்கும். 0 வைத்த பிறகும் கன்ட்ரோலரில் பைப்லைன் பெயர்கள் ஓடுவதுபோல் தெரியும். அது பைப்லைனை ஒருங்கிணைக்கும் இலகுப் பணி, அதற்கு எக்ஸிக்யூட்டர் தேவையில்லை.

எங்கே உடைகிறது

‘நான் உள்ளே போய் ஓட்டினால் ஓடுகிறது, ஜென்கின்ஸில் ஓடவில்லை.’ ஏஜென்ட் தொடர்பான கேள்விகளில் பாதி இதுதான். நீங்கள் லாகின் செய்யும்போது ஷெல் உங்கள் புரொஃபைல் கோப்புகளைப் படித்து பாத் மாறியை (கட்டளைகளைத் தேடும் அடைவுகளின் பட்டியல்) நிரப்புகிறது. ஜென்கின்ஸ் திறக்கும் எஸ்எஸ்எச் அமர்வு ஊடாட்டம் இல்லாதது, அந்தக் கோப்புகளில் பலவற்றைப் படிக்காது. சோதிக்க லாகின் செய்யாதீர்கள்; வேறொரு மெஷினிலிருந்து எஸ்எஸ்எச் கட்டளையின் வாலிலேயே ‘பாத்தைக் காட்டு’ என்ற கட்டளையைச் சேர்த்து ஒரே வரியாக ஓட்டுங்கள். ஜென்கின்ஸுக்குத் தெரிவது அதில் வருவதுதான். தேவையான பாதைகளை நோடின் சூழல் மாறிகள் பகுதியில் சேர்த்துவிடலாம்.

இதன் மறுபக்கமும் உண்டு. பேஷ்ஆர்சி கோப்பில் யாராவது வரவேற்பு வாசகம் அச்சிட வைத்திருந்தால் அந்த எழுத்துகள் இணைப்புக்குள் கலந்து, ‘கட்டளைக்கு முன்பே குப்பை வந்தது’ என்ற பொருளில் ஒரு பிழையோடு ஏஜென்ட் நின்றுவிடும். அச்சிடும் வரியை நீக்குங்கள்.

ஜென்கின்ஸ் பயனரை டாக்கர் குழுவில் சேர்த்த பிறகும் டாக்கர் சாக்கெட்டுக்கு அனுமதி மறுக்கப்படுகிறதா? ஓடிக்கொண்டிருக்கும் ப்ராசஸுக்குப் புதிய குழு தெரியாது. ஏஜென்டைத் துண்டித்து மறுபடி இணைத்தால் சரியாகிவிடும். புதிய சூழல் மாறிகளுக்கும் இதே கதைதான். டாக்கர் குழுவில் இருப்பது அந்த மெஷினில் ரூட் உரிமை இருப்பதற்குச் சமம் என்பதையும் மறக்க வேண்டாம். வெளியாட்களின் புல் ரிக்வெஸ்ட்களை ஓட்டும் ஏஜென்டும், வெளியீட்டுக்கான சாவிகள் இருக்கும் ஏஜென்டும் ஒரே மெஷினாக இருக்கக் கூடாது.

கன்டெய்னருக்குள் ரூட்டாக ஓடிய பில்ட், வொர்க்ஸ்பேஸில் ரூட்டுக்குச் சொந்தமான கோப்புகளை விட்டுச்செல்லும். அடுத்த பில்ட் வொர்க்ஸ்பேஸைச் சுத்தம்செய்ய முயன்று தோற்கும். கன்டெய்னரை ஜென்கின்ஸ் பயனரின் எண்ணிலேயே ஓட்டுவதுதான் தீர்வு. சூடோ கொடுத்து அழிக்க வைப்பது தீர்வல்ல.

ஏஜென்ட் திடீரென ஆஃப்லைன் ஆகி, காரணம் ‘டிஸ்க் இடம் குறைவு’ என்று இருந்தால் ரிமோட் ரூட் இருக்கும் டிஸ்க்கை மட்டும் பார்த்தால் போதாது. தற்காலிக அடைவையும் ஜென்கின்ஸ் தனியாகக் கண்காணிக்கிறது. இரண்டுக்கும் இயல்பு வரம்பு 1 ஜிபி. தற்காலிக அடைவு நினைவகத்தில் இருக்கும் மெஷின்களில் அது 1 ஜிபிக்குக் கீழே எளிதில் போய்விடும். வரம்பைக் குறைப்பதைவிட, ஏஜென்டுக்குத் தற்காலிக அடைவை வேறு டிஸ்க்கில் காட்டுங்கள். கூடவே, பில்ட் முடிந்ததும் வொர்க்ஸ்பேஸைச் சுத்தம்செய்யும் படியையும், பயன்படாத டாக்கர் இமேஜ்களை வாரம் ஒருமுறை நீக்கும் கிரான் வேலையையும் வையுங்கள்.

பில்டின் நடுவில் ‘சேனல் மூடப்பட்டது’ என்று வந்தால் இரண்டு இடம் பாருங்கள். முதலில் ஏஜென்டின் கெர்னல் லாக்: நினைவகம் தீர்ந்து கெர்னல் ஏதாவது ஒரு ப்ராசஸைக் கொன்றிருக்கலாம். சில நேரம் அது பில்டைக் கொல்லும், அப்போது வெளியேற்ற எண் 137 ஆக இருக்கும். சில நேரம் ஏஜென்டையே கொல்லும். அங்கே ஒன்றும் இல்லையென்றால் நெட்வொர்க். நடுவில் இருக்கும் ஃபயர்வால், சும்மா இருக்கும் இணைப்பைச் சத்தமில்லாமல் வெட்டியிருக்கலாம். லினக்ஸில் டிசிபி கீப்அலைவ் (சும்மா இருக்கும் இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கும் சிறு செய்தி) தொடங்குவதற்கான இயல்பு நேரம் 7200 வினாடி, அதாவது இரண்டு மணி நேரம். பெரும்பாலான ஃபயர்வால்கள் அவ்வளவு பொறுக்காது. இரு பக்கமும் அதை 120 வினாடியாக்கிப் பாருங்கள். ஜென்கின்ஸும் தன் பங்குக்கு 5 நிமிடத்துக்கு ஒருமுறை பிங் அனுப்பும், 4 நிமிடத்துக்குள் பதில் வரவில்லையென்றால் இணைப்பை அறுத்துவிடும். மெஷின் கடுமையான சுமையில் உறைந்தாலும் இது நடக்கும். பிங்கை அணைத்துவிடுங்கள் என்ற யோசனை ஆங்காங்கே கிடைக்கும். அணைத்தால் செத்துப்போன ஏஜென்ட் உயிரோடு இருப்பதாகக் காட்டிக்கொண்டு பில்டைப் பிடித்து வைத்திருக்கும்.

கடிகார வித்தியாசம் நோட்ஸ் பக்கத்திலேயே தெரியும். சில வினாடி பரவாயில்லை. நிமிடக்கணக்கில் விலகினால், மாறாத கோப்புகளையும் மேக் (make) என்ற பில்ட் கருவி மறுபடி கம்பைல் செய்யும், அல்லது மாறியவற்றை விட்டுவிடும். இன்னும் விலகினால் டிஎல்எஸ் சான்றிதழ்களே செல்லாமல் போகும்.

பில்டில் பின்னணியில் தொடங்கிய சர்வர் ஒன்று, பில்ட் முடிந்ததும் காணாமல் போவது ஜென்கின்ஸ் வேண்டுமென்றே செய்வது. பில்டிலிருந்து பிறந்த ப்ராசஸ்களைச் சூழல் மாறியை வைத்து அடையாளம் கண்டு முடித்துவிடும். பைப்லைனில் ஜென்கின்ஸ் நோடு குக்கீ என்ற மாறியை மாற்றி எழுதித் தப்பிக்க வைக்கலாம். ஆனால் நிரந்தரமாக ஓட வேண்டியதைப் பில்டிலிருந்து தொடங்குவதே தவறான இடம். சிஸ்டம்டியிடம் கொடுங்கள்.

அனுமதிக்காகக் காத்திருக்கும் இன்புட் படியை ஏஜென்ட் பிளாக்குக்கு உள்ளே வைக்காதீர்கள். அனுமதி கொடுக்க வேண்டியவர் விடுப்பில் போனால் அதுவரை எக்ஸிக்யூட்டரும் அவருக்காகக் காத்திருக்கும்.

விண்டோஸும் மேக்கும்

விண்டோஸில் ரிமோட் ரூட்டைச் சி டிரைவின் வேரிலேயே ஓரெழுத்து அடைவாக வையுங்கள். 260 எழுத்துப் பாதை வரம்பில் முட்டும் கருவிகள் இன்னும் உண்டு; நோடு மாட்யூல்ஸ் அடைவு உள்ள திட்டங்கள் அதை வேகமாக எட்டிவிடும். ஏஜென்டைச் சேவையாக ஓட்டினால் திரை கிடையாது. ஜன்னல்களைத் திறந்து சோதிக்கும் யுஐ டெஸ்ட்கள் வேண்டுமென்றால் தானாக லாகின் ஆகும் பயனரின் அமர்வில் ஏஜென்டை ஓட்ட வேண்டும்.

மேக்கிலும் இதே சிக்கல் வேறு உருவில் வரும். எஸ்எஸ்எச் அமர்வில் கீசெயின் பூட்டியே இருப்பதால் கோடு சைனிங் தோற்கும். லாஞ்ச் ஏஜென்டாக, லாகின் ஆன பயனரின் கீழ் ஓட்டுங்கள். அல்லது பில்டுக்கென்று தனிக் கீசெயின் உருவாக்கி, பில்டின் தொடக்கத்தில் அதைத் திறந்து, முடிவில் அழியுங்கள்.

முதல் சோதனையும் கடைசி விடைபெறலும்

புது ஏஜென்டை உண்மையான ஜாப்களுக்கு விடும் முன், அதன் லேபிளை மட்டும் கேட்கும் ஒரு சோதனை ஜாப் எழுதுங்கள். எந்தப் பயனராக ஓடுகிறது, பாத் என்ன, ஜாவா, கிட் பதிப்புகள் என்ன என்று அச்சிடட்டும். ஒரு ரெப்போவை குளோன் செய்யட்டும். 100 எம்பி கோப்பு ஒன்றை ஆர்க்கைவ் செய்யட்டும், இணைப்பின் வேகம் அதில் தெரிந்துவிடும். கடைசியாக 15 நிமிடம் எதையும் அச்சிடாமல் தூங்கட்டும். சும்மா இருக்கும் இணைப்பை வெட்டும் ஃபயர்வால் பெரும்பாலும் இதில் மாட்டும். பிறகு மெஷினை ரீபூட் செய்து, யாரும் தொடாமல் தானாக ஆன்லைன் வருகிறதா என்று பாருங்கள். எஸ்எஸ்எச் முறையில் ஜென்கின்ஸ் மறுபடி முயல ஓரிரு நிமிடம் ஆகலாம்.

ஒரு ஏஜென்டை நிறுத்தும்போது நேராகத் துண்டிக்காதீர்கள். ‘தற்காலிகமாக ஆஃப்லைன்’ என்று குறித்து, ஒரு வரிக் காரணமும் எழுதினால், ஓடும் பில்ட் முடியும்வரை விட்டுவிட்டுப் புதியதை அனுப்பாது. காலியானதும் துண்டித்து, நோடை நீக்குங்கள். அந்த லேபிளைக் கேட்கும் ஜாப் மிச்சம் இருக்கிறதா என்று லேபிளின் பக்கத்தில் பாருங்கள். மெஷினை வேறு வேலைக்குக் கொடுப்பதாக இருந்தால் ஆத்தரைஸ்டு கீஸ் கோப்பிலிருந்து கன்ட்ரோலரின் சாவியையும், வொர்க்ஸ்பேஸ்களையும், மேவன், என்பிஎம் அமைப்புக் கோப்புகளில் எழுதி வைத்த டோக்கன்களையும் அழித்துவிட்டுக் கொடுங்கள்.